நெய்தலில் கீரை இல்லை என்று யார் சொன்னது?

தமிழ் முதுகலை படித்த எவரையும் தூக்கத்தில் எழுப்பி, நெய்தல் நிலத்துக்கு உணவு என்ன என்று கேட்டுப் பாருங்கள். கண்ணைத் திறக்காமலே விடை வரும்: மீனும் உப்பும் விற்றுப் பெற்ற பொருள். குறிஞ்சிக்குத் தினையும் தேனும் உண்டு. முல்லைக்கு வரகும் சாமையும் உண்டு. மருதத்துக்குச் செந்நெல், வெண்ணெல். பாலைக்கு வழிப்பறியிலும் சூறையிலும் கிடைத்தது. ஆக ஐந்து நிலங்களில் இரண்டுக்குத் தன் மண்ணில் முளைக்கும் உணவு கிடையாது. ஒன்று கொள்ளையடித்து உண்கிறது, மற்றொன்று விற்று வாங்கி உண்கிறது. இருபது ஆண்டுகளாக வடசென்னையில் ஒரு கல்லூரியில் இதைத்தான் கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதி வருகிறேன். என் ஆசிரியர்களும் அதையே எழுதினார்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக அது தவறாமல் வருகிறது.

இந்தக் கட்டத்தின்மீதுதான் என் வழக்கு. கழிநிலத்தில் உண்ணத்தக்கது எதுவும் முளைக்காது என்று நாம் வகுப்பில் சொல்லித்தருவதும், அதே நிலத்தை வருவாய்த்துறை ஏட்டில் 'புறம்போக்கு' என்று எழுதுவதும், அனல் மின் நிலையம் அதன் மேல் சாம்பலைக் கொட்டுவதும் ஒரே பார்வையின் மூன்று வேலைகள் என்கிறேன். நண்பர்கள் சிலருக்கு இது மிகைக்கூற்றாகத் தோன்றும். பொறுமையாகக் கேட்கட்டும்.

திருவொற்றியூர் என்றதும் நம்மவர்களுக்குப் பட்டினத்தார் நினைவுக்கு வருவார், வள்ளலார் வருவார். நல்லது. அங்கிருந்து இன்னும் வடக்கே போனால் எர்ணாவூர், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், பிறகு கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம். ஆற்றின் உட்புறம் காட்டுக்குப்பம், சிவன்படைவீதிக் குப்பம். தாழங்குப்பத்தின் பெயரில் நம் தாழை இன்னும் நிற்கிறது. நெய்தல் பாடம் நடத்துகிறவர்கள் அதைக்கூடச் சுட்டிக்காட்டுவதில்லை. இந்தக் கழியின் ஓரங்களில், ஏற்றநீர் மாதத்தில் சில நாள்கள் மட்டும் வந்து நனைத்துவிட்டுப் போகும் உவர்மேட்டில், சின்னச் சின்ன உருண்ட இலைகளோடு ஒரு செடி படர்ந்திருக்கும். மழைக்காலத்தில் பச்சையாக இருக்கும். வெயில் ஏறி உப்பு மிகும்போது இலை செந்நிறமாகும். அதுதான் உமரி.

உமரியில் வகைகள் உண்டு. முழங்கால் உயரத்துக்குள் நின்றுவிடுவது ஒன்று. இது கீரைக்கு ஆவது. ஆள் உயரத்துக்கும் மேலே போய்ப் புதராக நிற்பது கருவுமரி. தமிழ்நாட்டுக் கடற்கரை நெடுக இவை உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில் உமரிக்காடு என்று ஓர் ஊரே இருக்கிறது. ஊருக்குப் பெயராகும் அளவுக்கு மக்கள் கண்ணில் பட்ட செடி, புலவர் பட்டியலிலும் பேராசிரியர் பட்டியலிலும் இடம்பெறாமல் போனது தற்செயலா?

தாவரவியல் நண்பர் ஒருவர் எனக்கு விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன். உவர்நிலத்தில் வாழும் செடிகளுக்கு உப்பைச் சமாளிக்கப் பல வழிகள். வெண்கண்டல், உறிஞ்சிய உப்பை இலைச் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடும். அதன் இலையை நாவில் வைத்தால் கரிக்கும். உமரி அப்படித் தள்ளுவதில்லை. உப்பை உள்ளே வாங்கி, இலைக் கண்ணறைகளின் நீர்ப்பைகளில் பூட்டிவைத்துக்கொண்டு, மேலும் மேலும் நீரை ஏற்றி இலையைத் தடிப்பாக்கிக்கொள்ளும். அதனால்தான் இலை சதைப்பற்றோடு உருண்டிருக்கிறது. கேட்டபோது எனக்கு வியப்பளித்தது இன்னொன்று: நாம் அன்றாடம் உண்ணும் முளைக்கீரையும் தண்டுக்கீரையும் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான் உமரியும். பீட்ரூட்டும் பாலக்கீரையும் அதன் உறவினர்கள். வீட்டுக் கொல்லையில் முளைத்தால் கீரை, கழியில் முளைத்தால் களை என்று பிரித்தது செடியின் குணம் அல்ல.

சமைக்கும் முறை எளியது. இளந்தளிரைக் கிள்ளி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை இறுத்துக் கொட்டிவிட வேண்டும். வேண்டாத உப்பும் கீரைகளுக்கே உரிய அமிலமும் அதில் போய்விடும். பிறகு பருப்போடு கடையலாம், இறாலோடு வதக்கலாம். உப்புப் போட வேண்டியதில்லை. மஞ்சள் காமாலைக்கும் ஆறாத புண்ணுக்கும் கடற்கரை மக்கள் இதை மருந்தாகப் பயன்படுத்தியதாகவும் குறிப்புகள் உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவரும் சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் இதைத் தொடாமல் இருப்பது நல்லது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 'மூலிகை' என்ற சொல் கேட்டவுடன் நம்மவர் மூளை விடுப்பு எடுத்துக்கொள்கிறது, அதனால் சொல்கிறேன்.

இனி அந்தப் பழைய சான்றுக்கு வருகிறேன். வில்லியம் ராக்ஸ்பரோ என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1776இல் சென்னைக்கு வந்தார். கம்பெனியின் மருத்துவமனையில் வேலை. பிறகு வடசர்க்கார் மாவட்டத்தில் சாமல்கோட்டையில் தாவரத் தோட்டம். 1793இல் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் பொறுப்பு. சோழமண்டலக் கடற்கரையின் செடிகொடிகளை அவர் அளவுக்குப் பார்த்து எழுதியவர் அக்காலத்தில் இல்லை. கடலோரத்தில் வாழும் எல்லாத் தரப்பு மக்களும் இந்த உவர்க்கீரையை உண்கிறார்கள் என்று அவர் குறித்துவைத்தார். அதோடு நிற்கவில்லை. 1791 முதல் 1793 வரை நீடித்த பஞ்சத்தில், இந்த ஒரு செடியின் இலை மட்டுமே பல்லாயிரம் உயிர்களைக் காப்பாற்றியது என்றும், அது கிடைத்தவரை கடலோர ஏழைகளுக்கு உண்ண வேறு ஏதும் அநேகமாக இல்லை என்றும் எழுதினார். அந்தப் பஞ்சத்தின்போது அவர் சாமல்கோட்டையில் இருந்தவர். ஆகவே அது கேட்டெழுதிய செய்தி அல்ல.

பஞ்சத்தில் உயிர்காத்தவற்றில் எதை இந்நகரம் நினைவில் வைத்திருக்கிறது? இராயபுரத்துக்காரர்களைக் கேளுங்கள். 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782இல், ஐதர் அலி படையெடுப்பை ஒட்டிய பஞ்சத்தில் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் அது. தொட்டியில் ஊற்றிய கஞ்சி இருநூறு ஆண்டு கடந்தும் மக்கள் வாயில் பெயராக வாழ்கிறது. வாழட்டும், அது நியாயமானதே. ஆனால் எவரும் ஊற்றாமல், எவரிடமும் கையேந்தாமல், சேற்றில் இறங்கிக் கிள்ளி எடுத்து வேகவைத்து உயிர்பிழைத்த கதைக்கு ஒரு தெருப்பெயர்கூட இல்லை. கொடுத்தவனுக்குக் கல்வெட்டு இருக்கிறது. முளைத்ததற்கு என்ன இருக்கிறது?

துறைசார்ந்த அன்பர் ஒருவர் இந்த இடத்தில் குறுக்கிடுவார், வழக்கமாகக் குறுக்கிடுகிறவர்தான். "ஐயா, நம் செவ்வியல் மரபில் நெய்தலுக்குப் புன்னை உண்டு, ஞாழல் உண்டு, தாழை, அடும்பு, முண்டகம், கண்டல் எல்லாம் உண்டு. உமரி இல்லையென்றால் அது மரபின் முடிவு. நாம் என்ன செய்ய முடியும்?" என்பார்.

மரபின் முடிவு என்ன என்று பார்த்துவிடுவோம். தொல்காப்பிய அகத்திணையியலில் கருப்பொருளை வகுக்கும் நூற்பாவை எடுங்கள். தெய்வத்துக்கு அடுத்த இடம் உணவுக்கு. விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் அதற்குப் பின்னால்தான். நாம் உருகி உருகிப் பாடம் நடத்தும் பூ இருக்கிறதே, அதற்கு அந்த நூற்பாவில் பெயரே இல்லை. இறுதியில் 'பிறவும்' என்று ஒரு சொல் வருகிறது; அந்தச் சொல்லுக்குள் பூவையும் நீரையும் ஊரையும் அடக்கிக் காட்டியவர்கள் உரையாசிரியர்கள். நூலோர் உணவை இரண்டாவதாக வைத்தார். நாம் பூவை முதலில் வைத்து, உணவை இரண்டு மதிப்பெண் வினாவுக்குத் தள்ளிவிட்டோம். 'பிறவும்' என்ற கதவு திறந்தே கிடக்கிறது; உமரி அதன் வழியே தாராளமாக உள்ளே வரலாம். மரபு தடுக்கவில்லை. வாயிலில் நிற்கும் நாம்தான் தடுக்கிறோம்.

உரையாசிரியர்களைக் குறைசொல்வது என் நோக்கம் அன்று. அவர்கள் காலத்து வணிக உலகில் நெய்தல் என்பது உமணர் வண்டியும் மீன்கூடையும் உள்நாட்டைச் சந்திக்கும் எல்லை. உள்நாட்டிலிருந்து பார்க்கிறவனுக்குக் கடற்கரையார் விற்பதும் வாங்குவதும்தான் தெரியும். அவர்கள் அடுப்பில் என்ன வேகிறது என்பது தெரியாது. சந்தைக்கு வராத பண்டத்துக்கு விலையில்லை, விலையில்லாததற்குப் பெயர் வேண்டியதில்லை. இது எட்டு நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒருவரின் பார்வை எல்லை என்றால் புரிந்துகொள்ளலாம். எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் பேருந்து ஏறி வரும் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, இன்றும் அதையே எழுதிப்போடுவதற்கு என்ன சமாதானம்?

இந்தப் பாடத்தை நடத்தும்போது ஒரு மாணவி, "எங்க ஆயா உமரிக்கீர ஆய்ஞ்சாந்து ஆக்கும்னு அம்மா சொல்லும் சார், அது வராதா?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்தவன், "அது ஆடு துன்ற செடி" என்றான். வகுப்பு சிரித்தது. மூன்று தலைமுறைக்குள் பாட்டியின் கறி பேரனுக்கு ஆட்டுத்தழை ஆகிவிட்டது. அந்தச் சிரிப்புக்கு அவன் மட்டும் பொறுப்பல்ல.

நவீன இலக்கியம் இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது என்பதை மறுக்கவில்லை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வந்தது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004, 'கொற்கை' 2009. பாடநூல் நெய்தலின் இரங்கலை உடைத்து வியர்வையும் மீன்வாடையும் கொண்ட கடற்கரையை அவை கொண்டுவந்தன. ஆனால் அவை தென்கடல், பரதவர் கடல். வடக்கே, கழியில் கால் புதைய நின்று இறால் தடவும் மனிதர்களின் நிலத்துக்கு நம் எழுத்து இன்னும் போதிய அளவு போகவில்லை. கழி என்பது கடலும் அல்ல, கரையும் அல்ல. படகுப் போட்டிக்கும் புயல்காட்சிக்கும் அங்கே இடமில்லை. வீரம் காட்ட முடியாத நிலம் நம் கதைசொல்லிகளை ஈர்ப்பதில்லை போலும்.

எழுத்து போகாத இடத்துக்கு வேறு பலவும் போயின. 1806இல் சென்னையையும் எண்ணூரையும் இணைத்து வெட்டிய கோக்ரேன் கால்வாய் பின்னாளில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியானது. அது கழியைக் கொல்லவில்லை. நீரைக் கொண்டுவந்து கொண்டுபோனது. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல் மின் நிலையம் 1994இல் இயங்கத் தொடங்கிப் பிறகு விரிந்தது. வல்லூரில் 1500 மெகாவாட் நிலையம் எழுந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. 2014இல் அது காமராசர் துறைமுகம் ஆனது. அத்திப்பட்டைச் சுற்றியிருந்த உப்பளங்களின் பாத்திகள் மண்ணடித்து மேடாக்கப்பட்டன. வடசென்னை நிலையத்துச் சாம்பலைக் குழம்பாக்கிக் கொசஸ்தலை ஆற்றைக் கடந்து சாம்பல் குளத்துக்கு அனுப்பும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகின. ஒழுகிய இடமெல்லாம் கழி சாம்பல்நிறச் சிமெண்டுத் தரையாக இறுகியது. ஆற்றில் இடுப்பளவு நீர் இருந்த இடத்தில் கணுக்கால் அளவுதான் மிஞ்சியது என்று மீனவர் சொல்வதைக் கேட்கலாம். 2022இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இந்தச் சேதத்துக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கிக் கழியைச் சீரமைக்க உத்தரவிட்டது.

இவ்வளவும் எந்தச் சொல்லின் நிழலில் நடந்தது? 1996இல் நடுவண் அரசு ஒப்புதல் தந்த கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் எண்ணூர்க் கழியைக் காக்கப்பட வேண்டிய முதல்வகை நிலமாகக் காட்டியது. பின்னாளில் அலுவலகங்கள் எடுத்துக்காட்டிய வரைபடத்தில் கழியின் பெரும்பகுதியைக் காணவில்லை என்று மீனவர்களும் சூழலியலாளர்களும் தகவல் உரிமைச் சட்டத்தின் துணையோடு குற்றஞ்சாட்டினார்கள். ஆறு காணாமல் போவது தமிழ்நாட்டில் புதிதல்ல. காகிதத்தில் முதலில் காணாமல் போய், பிறகு தரையில் காணாமல் போனது என்பதுதான் இதன் சிறப்பு. டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' 2017இல் இந்தக் கழியிலேயே படமாக்கப்பட்டது. கபேர் வாசுகி எழுதியது. புறம்போக்கு என்பது வரி விதிக்கப்படாத பொதுநிலம், ஊராருக்கெல்லாம் உரியது என்ற பழைய பொருளை அது மீட்டெடுத்தது; நம் வாயில் அது வசைச்சொல்லாகச் சீரழிந்ததையும் சுட்டியது. ஒரு சொல்லின் பொருள்மாற்றத்தை இவ்வளவு கூர்மையாக எடுத்துக்காட்டியவர்கள் இசைக்கலைஞர்கள். சொல்லாராய்ச்சி செய்து சம்பளம் வாங்கும் தமிழ்த்துறைகள் அப்போது எந்தச் சொல்லை ஆராய்ந்துகொண்டிருந்தன என்று எனக்குத் தெரியும், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சாம்பல் என்றதும் ஒரு வரலாற்று வேடிக்கை நினைவுக்கு வருகிறது. உமரியையும் அதன் உறவுச் செடிகளையும் எரித்த சாம்பலில் சோடா உப்பு மிகுதி. சோப்புக் காய்ச்சவும் கண்ணாடி உருக்கவும் அந்தச் சாம்பல் வேண்டும். ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைச் செடிகளின் சாம்பலை ஐரோப்பா விலைகொடுத்து வாங்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. கம்பெனிக்காரர்களும் சோழமண்டலக் கரையின் உவர்ச்செடிகளை அந்தக் கண்ணோடுதான் நோக்கினார்கள். பிரான்சில் நிக்கோலாஸ் லெபிளாங்க் சாதாரண உப்பிலிருந்து சோடா எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1791இல்; அதாவது இங்கே உமரி தின்று மக்கள் உயிர்பிழைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டில். அதன்பின் உமரிச் சாம்பலைத் தேடுவாரில்லை. இன்று எண்ணூரில் உமரியின் மேல் கிடப்பது வேறு சாம்பல். ஆர்சனிக், ஈயம், பாதரசம் எனச் சிறு அளவுகளில் பலவற்றைச் சுமந்துவரும் நிலக்கரிச் சாம்பல்.

இங்கேதான் மூலிகைப் பிரசாரகர்களோடு எனக்குச் சண்டை. உமரி அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கிறது. பட்டால் என்ன ஆகும் என்பதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. உமரியின் உறவான ஓர் உவர்ச்செடியை ஐரோப்பிய உணவகங்களில் மீனோடு பரிமாறுகிறார்கள். கொரியாவில் பொடியாக்கி உடல்நலப் பண்டமாக விற்கிறார்கள். குஜராத்தில் பாவ்நகரிலுள்ள உப்பு, கடல்வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் அந்த இனத்திலிருந்தே தாவர உப்பு எடுத்துக் காட்டியது. இவற்றில் தவறில்லை. நம் ஊருக்கு வரும்போதுதான் கதை மாறும். 'பாட்டன் மறந்த கடற்கீரை, நாற்பது நோய்க்கு ஒரே தீர்வு' என்று துண்டறிக்கை வரும். குணப்பாடம் என்று ஒரு பட்டியல் வரும்: சிறுநீர் பெருக்கும், கல்லீரல் காக்கும், காமாலை போக்கும். பட்டியலில் ஒன்று மட்டும் இருக்காது. எந்த மண்ணில் பறித்தது?

உமரி தேர்ந்தெடுத்து உண்பதில்லை. வேர் தொடும் நீரில் உள்ளதை உப்போடு உப்பாக உள்ளே வாங்கிக்கொள்ளும் செடி அது. அதனால்தான் கெட்ட மண்ணிலிருந்து உலோகங்களை உறிஞ்சி எடுக்க உமரி இனங்கள் உதவுமா என்று ஆய்வாளர்கள் சோதித்துப் பார்க்கிறார்கள். ஒரே குணம்தான்: நல்ல கழியில் அது கீரை, சாம்பல் கழியில் அது நஞ்சுச் சேமிப்பு. உண்ணத்தக்கது என்பது செடியின் இயல்பு என்று நாம் நினைக்கிறோம். இல்லை, அது நிலத்தின் இயல்பு. திணை என்ற கோட்பாட்டை உலகுக்குத் தந்ததாக மேடைதோறும் மார்தட்டுகிற நமக்கு இது முதலில் விளங்கியிருக்க வேண்டும். நிலத்திலிருந்து கருப்பொருளைப் பிய்த்தெடுத்துப் புட்டியில் அடைத்தால் அது கருப்பொருள் அல்ல, சரக்கு.

எண்ணூர்ப் பெண்களிடம் போய், உங்கள் பாட்டி தின்ற கீரையை மறந்துவிட்டீர்களே, அதனால்தான் நோய் என்று உபதேசம் செய்கிறவர்களையும் பார்க்கிறோம். 2017 சனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது, வாளியால் மொண்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழி முழுக்கப் பரவிக் கண்டல்களின் மேல் கறுப்பாக அப்பிக்கொண்டது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி பெரியகுப்பம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து மக்கள் தெருவில் மூச்சுத்திணறி ஓடினார்கள். இவ்வளவுக்கும் பிறகு அந்தக் கழிக்கரையில் ஒருத்தி உமரி கிள்ளவில்லை என்றால் அது மறதி இல்லை, அறிவு. அவள் மறந்தாள் என்று சொல்வது, திருடு கொடுத்தவனைப் பார்த்துத் தொலைத்துவிட்டாய் என்று சொல்வதற்குச் சமம்.

இன்னொரு சாராரும் உண்டு. இவர்கள் நல்லவர்கள், அதனால் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அலையாத்தி நடுகிறவர்கள். சுனாமிக்குப் பிறகு அலையாத்தி என்ற சொல்லுக்கு ஒரு புனிதம் ஏறிவிட்டது. அமைச்சர் நடுகிறார், ஆட்சியர் நடுகிறார், பள்ளிப் பிள்ளைகள் நடுகிறார்கள். எங்கே நடுவது? வெறும் சேறாகவும் உமரிமேடாகவும் இருக்கும் இடம் அவர்கள் கண்ணுக்கு வெற்றிடமாகத் தெரிகிறது. சேற்றுத்திடல் பறவைகளின் மேய்ச்சல். உமரிமேடு தனக்கென்று ஒரு நிலவகை. நீரேற்றம் பொருந்தாத இடத்தில் நட்ட கண்டல் பிழைக்காது. இலங்கையில் 2004க்குப் பிறகு கடற்கரையெங்கும் நட்டவற்றில் பெரும்பங்கு பட்டுப்போனது. இடம் பார்க்காமல் நட்டதே காரணம். மரம் என்றால் காடு, செடி என்றால் தரிசு என்ற எண்ணம் பசுமை இயக்கத்துக்குள்ளும் புகுந்திருக்கிறது. புன்னை, ஞாழல் என்று மரமாகப் பார்த்து வணங்கப் பழகிய இலக்கியக் கண்ணும் இதற்கு உடந்தை.

மின்சாரம் வேண்டாமா, துறைமுகம் வேண்டாமா என்று கேட்பார்கள். இந்தக் கட்டுரையே மின்சாரத்தில்தான் எழுதப்படுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின்சாரத்துக்கும் ஒழுகும் குழாய்க்கும் என்ன உறவு? குழாயை மாற்றினால் விளக்கு அணைந்துவிடுமா? வடகிழக்குச் சீனத்தில் லியோநிங் மாநிலத்துப் பாஞ்சின் நகரம் எண்ணெய் வயல்களால் வளர்ந்த நகரம்தான். அந்நகரை ஒட்டிய ஆற்று முகத்துவாரத்தில் உமரி இனச் செடி ஒன்று இலையுதிர் காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் செந்நிறமாகப் பூத்தாற்போல் கிடக்கும். 'செங்கடற்கரை' என்று பெயரிட்டு மரப்பாதை போட்டுக் காட்டுகிறார்கள். கூட்டம் கூட்டமாக மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். அங்கும் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. தொழில்நகரம் என்றால் கழி செத்துத்தான் ஆகவேண்டும் என்பது இயற்கை விதி அல்ல என்று மட்டும் சொல்கிறேன். அங்கே சிவந்த உமரியைப் பார்க்கச் சீட்டு வாங்குகிறார்கள். இங்கே சிவந்த உமரியைக் காய்ந்த களை என்று மண்வாரி இயந்திரம் வழித்துவிடுகிறது.

என்ன செய்யவேண்டும் என்கிறாய் என்று கேட்பவர்களுக்கு: முதலில், நம் துறைக்குள் முடிகிற வேலை. கருப்பொருள் கட்டத்தில் நெய்தல் உணவு என்ற இடத்தில் 'விற்றுப் பெற்ற பொருள்' என்பதோடு கழியின் கீரையையும் சேர்த்து எழுதுவோம். சான்று கேட்டால் 'பிறவும்' என்ற சொல்லையும் ராக்ஸ்பரோவையும் காட்டுவோம். ஆய்வேடுகளில் 'சங்க இலக்கியத்தில் நெய்தல் மலர்கள்' என்ற தலைப்பு எத்தனை முறைதான் பட்டம் பெறும்? எண்ணூர், பழவேற்காடு, காட்டுப்பள்ளிக் குப்பங்களில் எழுபது வயது கடந்தவர்களிடம் உவர்ச்செடிகளின் பெயர்களை, பக்குவங்களை, எந்தத் திட்டில் எது முளைத்தது என்பதை எழுதிவாங்க ஒரு மாணவரையாவது இவ்வாண்டு அனுப்புவோம். அந்தப் பெயர்கள் அகராதிகளிலேயே சிலதான் ஏறியிருக்கின்றன. சொன்னவர்கள் போனால் சொல்லும் போகும்.

அடுத்தது அரசிடம் கேட்கவேண்டியது. தீர்ப்பாய உத்தரவின்படி கழியைச் சீரமைப்பதாகச் சொல்லும் அலுவலர்கள், சாம்பலை எவ்வளவு டன் வழித்தோம், எத்தனை அலையாத்திக் கன்று நட்டோம் என்று கணக்குக் காட்டட்டும். அதோடு, உமரிமேடு எத்தனை ஏக்கர் இருந்தது, எத்தனை மீண்டது என்பதையும் காட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை காட்டுக்குப்பத்திலும் அத்திப்பட்டுப் பக்கத்திலும் உமரி இலையைப் பறித்து ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அதில் ஈயம் எவ்வளவு, ஆர்சனிக் எவ்வளவு, தின்னலாமா கூடாதா என்பதைத் தமிழில் எழுதி மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஒட்டவேண்டும். ஒரு தாள் போதும். ஆங்கிலத்தில் நூறு பக்கம் எழுதித் தலைமைச் செயலகத்தில் வைத்துக்கொள்வதை நாங்கள் கேட்கவில்லை.